மாங்கரை இறக்கமும் ஒரு கால் அங்குலக் குழாயும்

ஜூன் 8, 2024, சனி

கோவைக்கு மேலே ஆனைகட்டி மலையிலிருந்து என் பழைய ஜீப்பில் இறங்கும்போது, மாங்கரை செக்போஸ்ட்டுக்குச் சற்று மேலே, பிரேக் பெடல் தரைப்பலகை வரை போய்விட்டது. பம்ப் செய்தேன், பாதி கிடைத்தது. மறுபடி மிதித்தேன், ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக வண்டி இரண்டாம் கியரில் இருந்தது. டேஷ்போர்டு நடுவிலிருக்கும் ஹேண்ட்பிரேக் பிடியை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் டயரை உரசவிட்டு நிறுத்தினேன்.

இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்டில் இருக்கும் சின்ன டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை இறுக்குகிறது, அவ்வளவுதான். பிரேக் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பிழைத்தது அதனால்தான். மற்றபடி, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான், நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்கே ஒரு ஊசித்துளை விழுந்தாலும் நாலும் போச்சு.

ஜூன் 9, ஞாயிறு

வண்டி 1943 மாடல் ஃபோர்டு ஜிபிடபிள்யூ. ஊரில் எல்லாருக்கும் அது 'வில்லிஸ்'. வாங்கி ஆறு மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வில்லிஸில் முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருக்கும். என்னுடையது கவிழ்த்த 'ப' மாதிரி. போல்ட் தலைகளில் குட்டியாக ஒரு 'எஃப்' வேறு. போர்க்காலத்தில் இரண்டு கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே ஜீப்பைத்தான் செய்தன. ஃபோர்டு தன் பங்கில் போல்ட்டைக்கூட விடாமல் முத்திரை போட்டது.

கட்டி இழுத்து வந்து, அடியில் படுத்துப் பார்த்தேன். பின் ஆக்ஸிலுக்குப் போகும் பைப், சேஸிஸ் சட்டத்தில் கிளிப் பிடித்திருந்த இடத்தில் ஒழுகியிருக்கிறது. கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே சேறு ஏறி, ஈரம் காயாமல், வெளியே தெரியாமலே தின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் பெயின்ட் மினுமினுப்பு! அதைவிட மோசம், முன் ஆக்ஸிலில் இருந்த ஒட்டு. எனக்கு முன்னால் யாரோ ஃபிரிட்ஜுக்குப் போடுகிற செம்புக் குழாயை ஒரு சாண் வெட்டி, பித்தளை ஜாயின்ட் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். செம்பு அதிர அதிர இறுகிக்கொண்டே போகும், ஒருநாள் விரிசல் விடும். போன வருடம் 'பிரேக் முழுசா பாத்தாச்சு' என்று பில் போட்ட பட்டறையில் இதை யாரும் பார்க்கவே இல்லையா என்று தெரியவில்லை.

மெக்கானிக் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். "ஒரு பைப்ப மட்டும் மாத்துனா அடுத்தது அடுத்த வாரம் போவுமுங்க சார். உருவறதுன்னா எல்லாத்தையும் உருவிப் போட்ருங்க."

ஜூன் 13, வியாழன்

மாலை நேரத்தில் மட்டும் வேலை. நட்டுகள் அசையவில்லை. சாதா ஸ்பேனர் போட்டதில் இரண்டு நட்டின் முனைகள் மழுங்கி ரவுண்ட் ஆகிவிட்டன. மீதியை, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பைப் ஸ்பேனர் வாங்கிவந்த பிறகுதான் கழற்ற முடிந்தது. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றை வாயில் வைத்து ஊதினேன், காற்றே போகவில்லை. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஹோஸ் எல்லாமே புதிது போடுவதாக முடிவு.

ஜூன் 15, சனி

கால் அங்குல பண்டி டியூப், அதாவது இரண்டு சுற்றாகச் சுருட்டிய எஃகுக் குழாய். பழைய பைப்பின் வளைவைக் கட்டுக்கம்பியில் பிடித்துக்கொண்டு அதன்படி வளைத்தேன். முனையை 45 டிகிரியில் இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். முதலில் குட்டி அச்சை வைத்து அழுத்தினால் வாய் உள்பக்கமாகக் குவியும். பிறகு கூம்பை இறக்கினால் அந்தக் குவிந்த உதடு தன்மேலேயே மடிந்து படியும். ஒற்றை மடிப்பு விட்டால் பிரேக் அழுத்தத்தில் வெடிக்கும். நாலு துண்டு வீணான பிறகு ஐந்தாவது கண்ணாடி மாதிரி வந்தது. சந்தோஷத்தில் அடுத்த முனையையும் விரித்துவிட்டு நிமிர்ந்தால், நட் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. விரிப்பதற்கு முன் அதைக் குழாயில் மாட்டவே இல்லை. வெட்டு, மறுபடி முதலிலிருந்து.

அண்ணன் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் ஒருக்கா நடக்குமுங்க" என்றார். எனக்கு இன்று இரண்டு தடவை.

ஜூன் 16, ஞாயிறு

பைப் எல்லாம் ஏறியாச்சு. கிளிப் இருக்கும் இடங்களில் இந்தத் தடவை ரப்பர் சுற்றினேன். மாஸ்டர் சிலிண்டருக்குப் புது கிட். பாகங்களைப் பிரேக் ஆயிலிலேயே கழுவினோம். மண்ணெண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிவிடும்.

நண்பர் ஒருவர் சிலிக்கான் ஆயில் போடச் சொன்னார். பெயின்ட்டைத் தின்னாது, ஈரத்தை இழுக்காது, அமெரிக்க ராணுவமே 1980களில் அதற்கு மாறியது என்றெல்லாம் வாதாடினார். எல்லாம் உண்மைதான். ஆனால் மலையில் ஆயில் குறைந்தால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும். எங்கும் கிடைக்கும் சாதா பிரேக் ஆயிலான டாட் 4 போதும்.

அப்புறம் ஏர் எடுக்கிற வேலை, அதாவது பைப்புகளில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுவது. இடது ஸ்டியரிங் வண்டி, மாஸ்டர் சிலிண்டர் இடது காலடியில். அதனால் தூரத்துச் சக்கரமான பின் வலதில் தொடங்கினேன். பெடலில் மகள், அடியில் நான்.

"அமுத்து. புடிச்சுக்கோ... ம், விடு."

"அப்பா, கால் மரத்துப்போச்சு."

சக்கரத்தில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளிலிருந்து குழாய் இறங்கும் பாட்டிலுக்குள் முதலில் நுரை, பிறகு பெரிய குமிழ்கள், பிறகு ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு. நிப்பிளை மூடுவதற்குள் ஒரு தடவை காலை எடுத்துவிட்டாள். உறிஞ்சிய காற்றை வெளியேற்ற இன்னொரு கால் மணி நேரம் ஆனது.

ஜூன் 22, சனி

பெடல் கல் மாதிரி நிற்கிறது. தெருவில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதும் வண்டி இழுக்க ஆரம்பித்தது. இறங்கி டிரம்மில் கை வைத்தேன், சுட்டது. பயந்துபோய் உட்கார்ந்து யோசித்ததில் புரிந்தது: பெடலுக்கு ஆட்டமே விடவில்லை. பெடலின் தடி மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை எப்போதும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடாகி விரியும், உரசி நிறுத்தும் பிரேக் லைனர் டிரம்மை விடாது. தடியைச் சுருக்கி அரை அங்குலம் ஆட்டம் வைத்தேன். ஜாக் போட்டுச் சுழற்றினால் நாலு சக்கரமும் தாராளமாகச் சுற்றுகின்றன.

ஜூன் 23, ஞாயிறு

ராத்திரி அடியில் விரித்த அட்டையில் காலையில் மூன்று சொட்டு. நெஞ்சு திக்கென்றது. விரலில் தொட்டு மோந்தேன். கறுப்பு, கொழகொழப்பு, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில். அது எப்போதும் ஒழுகுவதுதான். அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு மாங்கரைக்குக் கிளம்பினேன்.