எத்தனை மணி நேரம் என்று கேட்டால் போதுமா?

இளைஞர்களின் மனநலம் பற்றிய சர்வே என்றாலே "சோஷியல் மீடியாவில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறாய்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். யாருக்குங்க அது சரியாகத் தெரியும்? வாயால் சொல்லும் கணக்கும் போனில் பதிவாகும் கணக்கும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வந்த ஒரு தொகுப்பாய்வே சொல்லிவிட்டது.

சரி, நேரத்தைத் துல்லியமாகவே அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி அந்த ஒரு மணி நேரமும் தோழியோடு சிரித்துச் சிரித்து மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி தன் போட்டோவுக்குக் கீழே வந்து விழும் கேலிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பாள், ஆனால் கணக்கில் ரெண்டு பேருக்கும் அதே 60 நிமிடம்தான்!

மனநிலையை அளக்கும் பக்கம் எவ்வளவோ பரவாயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓ-5 என்ற படிவத்தில் கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகமாக இருந்தேனா, காலையில் எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா என்கிற மாதிரி ஐந்தே வரிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவுகளை அலசியபோது, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மனநலத்தில் இருக்கும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று வந்தது. இதை வைத்து ஆபத்தே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, சராசரியில் அந்தக் கேலிக்கு ஆளான பெண் காணாமல் போய்விடுகிறாளே. யாராவது தொந்தரவு செய்தார்களா, ஆப்பை மூடின பிறகு எப்படி இருந்தது, தூக்கம் கெட்டதா என்று அன்றன்றைக்கே கேட்கும் ஆய்வுகள்மீதுதான் எனக்கு நம்பிக்கை.