மாடிப்படிக்கு அடியில் பாருங்கள்

கும்பகோணமோ நாகையோ, வாரியக் குடியிருப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம் மாடிப்படிக்கு அடிப்பக்கம். மீட்டர் பெட்டியும் பைக்குகளும் அங்கே சேர்ந்திருந்தால் பைக்குகளை உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியில் பொறி பறந்து பெட்ரோலும் டயரும் பற்றினால், புகை அந்தப் படி வழியாகத்தான் மேலேறும். தீ எட்டாத மூன்றாம் மாடிக்காரரையும் புகை சாய்த்துவிடும். படியில் கரும்புகை என்றால் இறங்க வேண்டாம். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, பால்கனியிலிருந்து 101-ஐ அழையுங்கள்.

மீட்டர் பெட்டிக்குத் தீ எப்படி வருகிறது? கடலோர உப்புக்காற்றில் செம்புக் கம்பி களிம்பேறும், திருகு தளரும். தளர்ந்த இடம் சூடாகி இன்சுலேஷன் உருகும். கரண்ட் அளவு கூடாததால் எம்சிபி, அதாவது கரண்ட் மீறினால் தானே அணையும் சுவிட்ச், விழாது. அதை நம்பி உட்கார முடியாது. கருகல் வாடை, பழுப்பேறிய வயர், சூடான மூடி, இவைதான் எச்சரிக்கை. மீட்டருக்கு முந்தைய பகுதி மின்வாரியத்தின் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள். ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றும் 'அனுபவசாலி'களையும் அண்டவிடாதீர்கள்.

கேஸ் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பிறகு வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.

திருடனுக்குப் பயந்து பால்கனி முழுக்கக் கம்பி அடித்தவர்கள் ஒரு பகுதிக்காவது கீல் வையுங்கள். தீப்பிடித்தால் திறக்க, அதன் பூட்டுச் சாவி அருகிலுள்ள சுவர் ஆணியிலேயே தொங்கட்டும்.