கன்று நடப் போன இடத்தில் வாய்க்கால் வெட்டினோம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, கரையோரச் செடி எல்லாம் கருப்பு. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூரிலேயே வளர்ந்தும் நான் அதுவரை அந்த ஆற்றில் கால் வைத்ததில்லை. (கொசஸ்தலை கடலில் சேரும் இடம், அங்குள்ளவர்களுக்கு அது ஆறுதான்.) அந்த உறுத்தலில்தான் தன்னார்வலர்களோடு சேர்ந்தேன்.

முதலில் செய்தது தவறு. மழைக்காலத்தில் வெண்கண்டல் (உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரவகை) விதைகளைச் சேகரித்துக் கன்றாக்கி, ஒரு மேட்டில் வரிசையாக நட்டோம். கோடை வருவதற்குள் முக்கால்வாசி கருகிவிட்டது. காரணத்தைச் சொன்னவர் பக்கத்துக் குப்பத்து மீனவர் அண்ணன் ஒருவர். "தம்பி, தண்ணி வந்து போகாத இடத்துல நட்டா எப்படிப் பிழைக்கும்?" என்றார்.

சென்னைக் கடலில் ஓதம் (தினமும் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வது) ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் அனல்மின் நிலையச் சாம்பலும் வண்டலும் ஒரு முழம் படிந்தாலே உள்பக்கத்துக்குத் தண்ணீர் வராது. எப்போதோ ஏறி வரும் கொஞ்சமும் அங்கேயே தேங்கி வெயிலில் காயும், உப்பு மட்டும் மிஞ்சும். இலை வழியாக உப்பை வெளியேற்றும் அலையாத்தியால்கூட அவ்வளவைத் தாங்க முடியாது.

அப்புறம் கன்றைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தோம். நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்து அனுமதி வாங்கவே பல வாரங்கள் ஆயின. வேலையில் பெரும்பகுதி, தூர்ந்துபோன பழைய ஓடைகளைத் தேடிப்பிடித்துத் திறந்துவிடுவது. அவை எங்கே ஓடின என்பது பெரியவர்களின் நினைவில்தான் இருந்தது. அவர்கள் காட்டிய வழியில் வெட்டியபோது தண்ணீர் தானாகவே உள்ளே வந்தது.

ஞாயிறு காலை ஆறு மணி என்று நேரம் குறிப்பது இங்கே சரிவராது. ஓதம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும் நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும், ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிட வேண்டும். ரப்பர் பூட்ஸ் வேண்டாம், சேறு உருவிக்கொள்ளும். இறுக்கிக் கட்டிய கேன்வாஸ் ஷூதான் நல்லது. வெறுங்காலோடு மட்டும் இறங்காதீர்கள். காக்கா ஆழி என்று இங்கே சொல்கிற அந்நியச் சிப்பி ஆற்றடியில் பாய் விரித்ததுபோல அப்பிக் கிடக்கிறது, காலைக் கிழித்துவிடும். இறால் மண்ணில் புதைய இடமில்லாமல் செய்திருப்பதும் அதுதான்.

பொறுமையைச் சோதிப்பது தங்கூசி வலை, மெல்லிய நைலான் இழையில் பின்னியது. அறுந்த வலைகள் அலையாத்தியின் மூச்சுவேர்களில் சுற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் வேர் முறியும். கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஒரே மரத்தடியில் மூன்று பேர் ஒரு காலைப்பொழுது முழுக்கக் குந்தியிருந்த நாளும் உண்டு. எத்தனை மூட்டை குப்பை எடுத்தோம் என்று எண்ணிப் படம் பிடிப்பதைவிட, சேதமில்லாமல் மீண்ட அந்த ஒரு மரம் எனக்குப் பெரிது.

இரண்டாவது மழைக்கு ஓடையோரம் நாங்கள் நடாத விதைகளே முளைத்திருந்தன, தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தவை. போன முறை போனபோது வாய்க்கால் வாயில் இரண்டு இருளர் அக்காக்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் தண்ணீர் கலங்காதபடி சுற்றிக்கொண்டு மேலே போய், அன்றைய வலையை அறுக்க உட்கார்ந்தோம்.