ஃபேக்ஸில் வந்த ராஜினாமா

டெட்ராய்ட் பக்கம் வேலைக்குப் போகிறவர்களிடம் பனியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அந்த ஊர் ஃபுட்பால் அணியான லயன்ஸைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பனிக்கு ஒரு கோட்டும் பூட்ஸும் வாங்கினால் சமாளித்துவிடலாம். திங்கட்கிழமை காலை ஆலைக்குள் நுழையும்போது அத்தனை பேர் முகமும் ஏன் தொங்கிக் கிடக்கிறது என்பது பிடிபடத்தான் எனக்கு நாளானது.

1998 இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் டை வடிவமைத்துக்கொண்டிருந்தவனை, ஒரு கன்சல்டன்சிக்காரர்கள் கான்ட்ராக்டில் பிடித்துப்போய் கார் கதவுகள் அடிக்கிற ஒரு ஸ்டாம்பிங் ஆலையில் விட்டார்கள். ஃபார்மிங்டன் ஹில்ஸில் அபார்ட்மென்ட், ஒரே வீட்டில் நான்கு பேர், மூவருக்கு ஒரு பழைய கார். பன்னிரண்டாவது மைல், பதின்மூன்றாவது மைல் என்று சாலைகளுக்கே எண் போட்டு வைத்திருந்ததால் தொலைந்து போகவும் வழியில்லை. பருப்பும் புளியும் பக்கத்திலேயே கிடைத்தன. ஊர் பழகக் கஷ்டமில்லை. ஊர்க்காரர்களோடு பேசத்தான் விஷயம் கிடைக்கவில்லை.

ஆலையில் என் வேலைக்கு முழுத்துணை டூல் ரூம்காரர் ஒருவர். யூனியன் ஆள், 1976லிருந்து அதே ஆலை. அவர் வாயிலிருந்துதான் பேரி சாண்டர்ஸ் என்ற பெயரை முதலில் கேட்டேன். அந்த வருஷம் லயன்ஸ் ஆடிய பதினாறு ஆட்டங்களில் ஜெயித்தது ஐந்து. அப்படியும் அவர் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார். கேட்டால், "பேரி ஓடுவானே" என்பார், அவ்வளவுதான்.

சாண்டர்ஸ் ரன்னிங் பேக். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள்ளேயே ஓடுகிறவர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். அதில் இரண்டு மூன்றை இவர் காலை நம்பித்தான் வைப்பார்கள். நம் கண்ணுக்குக் கபடியில் பாடிப் போகிறவன் மாதிரி தெரியும். ஆனால் கபடியில் கோட்டைத் தொட்டுத் திரும்பி வந்துவிடலாம். இங்கே திரும்பி வருவதே கிடையாது. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் வரை போனாலொழிய, அல்லது கோட்டுக்கு வெளியே ஒதுங்கினாலொழிய, ஒவ்வொரு ஓட்டமும் யாராவது நூறு கிலோ ஆள் உங்களைத் தரையில் சாய்ப்பதில்தான் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது, இருபத்தைந்து தடவை. முழங்கால் போய்விடும், கணுக்கால் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு நாலு வருஷம் தாண்டுவதே பெரிய விஷயம். முப்பது வயதாகிவிட்டால் அணி வேறு பையனைத் தேட ஆரம்பித்துவிடும்.

சாண்டர்ஸ் பத்து வருஷம் ஓடினார். கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறந்தவர். உயரம் ஐந்தடி எட்டங்குலம்தான். ஒக்லஹோமா ஸ்டேட் கல்லூரிக்காக 1988ல் அவர் ஓடிய ஓட்டத்துக்கு, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை கொடுத்தார்கள். மறுவருஷம் லயன்ஸ் அவரை எடுத்தது. பத்து சீசனில் ஒன்றில்கூட ஆயிரம் கெஜத்துக்குக் குறையவில்லை. 1997ல் முதல் இரண்டு ஆட்டத்தில் சேர்த்தே 53 கெஜம்தான். மீதிப் பதினான்கிலும் ஒவ்வொன்றிலும் நூறைத் தாண்டி, 2,053ல் வந்து நின்றார்.

டூல் ரூம்காரர் பழைய ஆட்டங்களை வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஒன்றைப் போட்டுக் காட்டினார். இடது பக்கம் பந்தை வாங்குகிறார், அங்கே வழியில்லை. நிற்கிறார். எதிராளி கை இடுப்பில் படுகிறது, இடுப்பு அங்கே இல்லை. பின்னாலேயே ஐந்து கெஜம் ஓடி, வலது பக்கம் முழுக்கச் சுற்றி, ஆளே இல்லாத புல்தரையில் வெளிப்படுகிறார். எனக்கு ஓட்டத்தைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் மனதில் நின்றது. டச்டவுன் போட்டுவிட்டு ஆடவில்லை, மார்தட்டவில்லை. பக்கத்தில் இருந்த நடுவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். எப்போதும் அப்படித்தானாம். ஷிஃப்ட் முடிந்தால் கருவியைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிற ஆட்களுக்கு அவரைப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

நவம்பரில் தேங்ஸ்கிவிங் விருந்துக்கு அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். போன்டியாக்கை அடுத்த வாட்டர்ஃபோர்டில் வீடு. நான் சைவம் என்று முன்பே சொல்லியிருந்ததால், அவர் மனைவி வான்கோழிக் குழம்பு படாமல் மசித்த உருளைக்கிழங்கை எனக்கென்று தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். கூடவே பீன்ஸ், கிரான்பெர்ரி, பூசணி பை. தின்றது என்னவோ தொலைக்காட்சி முன்னால்தான். 1934லிருந்து தேங்ஸ்கிவிங் அன்று லயன்ஸின் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும், இடையில் உலகப்போர் சமயத்தில் மட்டும் சில வருஷம் விட்டுப்போனது. அந்த வருஷம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வந்திருந்தது.

16க்கு 16 என்று ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. யாருக்குப் பந்து என்று நாணயம் சுண்டினார்கள். ஸ்டீலர்ஸ் சார்பில் சொல்ல வந்தவர் ஜெரோம் பெட்டிஸ். அவரும் ரன்னிங் பேக்தான், ஆனால் சாண்டர்ஸுக்கு நேரெதிர்: ஆள் அகலம், சுற்றிப் போவதெல்லாம் கிடையாது, இடித்துக்கொண்டு போவார். பட்டப்பெயரே 'பஸ்'. காசு பூவாக விழுந்தது. பெட்டிஸ் சொன்னதும் பூ என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. நடுவரோ அவர் தலை என்று சொன்னதாக அறிவித்து, பந்தை லயன்ஸுக்குக் கொடுத்துவிட்டார். பெட்டிஸ் வாயைப் பிளந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. லயன்ஸ் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தது, ஆட்டம் முடிந்தது. காசைச் சுண்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று அப்புறம் விதியையே மாற்றினார்கள்.

அறையில் எல்லோரும் குதித்தார்கள். டூல் ரூம்காரர் மட்டும், "அவன் நம்ம ஊர்ப் பையன்" என்றார். பெட்டிஸ் டெட்ராய்ட்டில் பிறந்து, மெக்கென்ஸி உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். உள்ளூர்ப் பையன் பிட்ஸ்பர்க்குக்கு இடிக்கிறான், கான்சஸ்காரன் நமக்கு ஓடுகிறான். மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் கார் கதவு அடிக்க வந்திருக்கிற ஊரில் இதெல்லாம் எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

அடுத்த ஜூலையில் ஒரு புதன்கிழமை, ஆலையே இழவு வீடு மாதிரி இருந்தது. சாண்டர்ஸ் விலகிவிட்டார். பேட்டி இல்லை, மேடை இல்லை. சொந்த ஊரான விச்சிட்டாவின் செய்தித்தாளுக்கு ஒரு ஃபேக்ஸ். 31 வயது, காயம் எதுவும் இல்லை. முந்தைய சீசனில்கூட 1,491 கெஜம் ஓடியவர். மொத்தக் கணக்கு 15,269. சிகாகோவின் வால்ட்டர் பேட்டன் வைத்திருந்த 16,726 என்ற சாதனைக்கு இன்னும் 1,457தான் பாக்கி. ஒரு நல்ல சீசன் போதும்.

மதிய இடைவேளையில் கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது. ஏமாற்றிவிட்டான், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிவிட்டு இப்படியா போவது என்று ஒரு கட்சி. அணியும் அதையேதான் சொன்னது. 1997ல் முன்பணமாகக் கொடுத்த 1.1 கோடி டாலரில் ஒரு பகுதியைத் திருப்பித்தர வேண்டும் என்று பிறகு மத்தியஸ்தரும் தீர்ப்பளித்தார். இன்னொரு கட்சிக்கு எங்கள் டூல் ரூம்காரர் தலைவர். அவர் வாதம் யூனியன்காரர் வாதம். 1970களில் கார்த் தொழிலாளிகள் போராடி வாங்கிய உரிமை ஒன்று உண்டு: முப்பது வருஷம் உழைத்தால் வயது என்னவானாலும் முழு பென்ஷனோடு வெளியே போகலாம். 'முப்பது, வெளியே' என்பது அங்கே மந்திரம். "ஓடுகிறவனுக்குப் பத்து வருஷம் என்பது நமக்கு முப்பது மாதிரி. அவன் கணக்கை முடித்துவிட்டான். பத்து வருஷத்தில் பிளேஆஃபில் ஒரே ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வான்?" என்று கேட்டார். பிளேஆஃப் என்பது சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று. அந்த ஒரு வெற்றி 1992 ஜனவரியில் டல்லாஸை 38க்கு 6 என்று அடித்தது. அடுத்ததற்கு ஊர் 2024 ஜனவரி வரை காத்திருந்தது.

பின்னால் சாண்டர்ஸும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது, நல்ல ஆட்களையெல்லாம் நிர்வாகம் போகவிட்டது. என் கட்சி எது என்று கேட்டால், நான் டூல் ரூம்காரர் பக்கம். எங்கள் அபார்ட்மென்டில் மற்றவர்கள் பக்கம் வேறு. கோயம்புத்தூர் அண்ணனால் தாங்கவே முடியவில்லை. "இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தா எவ்வளவு டாலர்டா, பைத்தியக்காரன்" என்று ராத்திரி ரசத்துக்குத் தாளிக்கும்போதும் புலம்பினார். இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு ஊருக்குப் போவதாக அவரும் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது டெட்ராய்ட்டை அடுத்த ட்ராயில் வீடு, இரண்டு பேத்திகள்.

பெட்டிஸ் கதை வேறு மாதிரி போனது. பதின்மூன்று சீசன், 13,662 கெஜம், கோப்பை மட்டும் இல்லை. 2006 ஜனவரியில் இண்டியானாபொலிஸில் ஜெயிக்கிற ஆட்டத்தில், கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்தைக் கைவிட்டார். எதிராளி எடுத்துக்கொண்டு ஓட, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர் பின்வாங்கிப் போய் எப்படியோ அவன் காலைத் தட்டிவிட்டதால் பிழைத்தார்கள். இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் அந்த வருஷம் டெட்ராய்ட்டில், ஃபோர்ட் ஃபீல்டில். பிறந்த ஊரில் கடைசி ஆட்டம். சகாக்கள் அவரைத் தனியாக முதலில் மைதானத்துக்குள் ஓடவிட்டுப் பின்னால் வந்தார்கள். சியாட்டிலை 21க்கு 10 என்று தோற்கடித்த மேடையிலேயே, பஸ்ஸுக்குக் கடைசி ஸ்டாப் டெட்ராய்ட்தான் என்று சொல்லிவிட்டு விலகினார். அன்றைக்கு வாட்டர்ஃபோர்ட் வீட்டில்தான் இருந்தோம், இந்த முறை என் மனைவியும் எலுமிச்சை சாதமும் உடன்.

அதே வருஷம் டூல் ரூம்காரருக்கு முப்பது முடிந்தது. கேக் வெட்டுவோம் என்று காத்திருந்தால், மறுநாளும் ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்து நின்றார். "என்ன, முப்பது வெளியே இல்லையா?" என்றேன். ஓவர்டைம் ரேட் நன்றாக இருக்கிறதாம், படகுக் கடன் கொஞ்சம் பாக்கியாம். 2008ல் ஆலை ஆட்களைக் குறைக்கத் தொடங்கும்வரை அவர் போகவில்லை.