சிவப்பு ஊசி

முதலில் கால் விரல்கள்தான் மரத்துப் போயின. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நாலு அடி நடந்திருக்கிறேன். நாக்கு வழவழவென்று சிவந்து, சூடாக எது பட்டாலும் எரிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. சாதாரண ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் ஆசிட்டும் கொடுத்தார்கள். சோர்வு குறைந்தது. மரப்பு மட்டும் பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. ஏழு மாதம் இப்படியே போனது.

அப்புறம் பார்த்த மருத்துவர் பழைய ரிப்போர்ட்டை எடுத்து, சிவப்பணுக்களின் அளவைக் காட்டினார். இரும்புச்சத்து குறைந்தால் அவை சிறுத்துப் போகும், எனக்கோ பெருத்திருந்தன. வைட்டமின் பி12 சோதித்தால் மிகக் குறைவு. இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தது. இரைப்பையில் சுரக்கும் அந்தப் புரதம் துணைக்கு வந்தால்தான் சிறுகுடல் பி12-ஐ உறிஞ்சும். என் உடலே அதை முடக்கிவிட்டிருந்தது. ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைத் தேற்றிவிடும், நரம்பைக் காப்பாற்றாது, சேதம் ஓசையில்லாமல் தொடரும் என்றார். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. கால் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், ஃபோலிக் ஆசிட் தொடங்கும் முன் பி12 பார்த்தீர்களா என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.

நோயின் பெயர் பெர்னிசியஸ் அனீமியா. பெர்னிசியஸ் என்றால் உயிரைக் குடிப்பது. அன்று இரவு தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து படித்தேன். ஒரு காலத்தில் அந்தப் பெயர் உண்மையாகவே இருந்திருக்கிறது. பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். ரத்தம் இழந்த நாய்களுக்கு ஈரல் கொடுத்து ஜார்ஜ் விப்பிள் செய்த ஆய்வைப் பின்பற்றி, பாஸ்டனில் ஜார்ஜ் மினாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளை ஈரல் உணவால் தேற்றினார்கள். அது வெளியானது 1926-இல். மினாட்டே சர்க்கரை நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன்புதான் வந்திருந்த இன்சுலினால் உயிரோடு இருந்தவர். மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு.

அந்த நோயாளிகளை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. லேசாக வெந்த ஈரலை நாள் தவறாமல், கால் கிலோ வரைகூட விழுங்க வேண்டும். உயிர் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஈரலில் இருந்த மருந்து பி12-தான் என்பது 1948-இல் அதைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்த பிறகே தெளிவானது.

எனக்குப் போட்ட ஊசி மருந்தும் அதே சிவப்புதான். கோபால்ட் உள்ள மூலக்கூறு அது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏழாம் நாள் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, அதாவது புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள், ஏறியிருந்தன. ஈரல் வேலை செய்கிறதா என்று மினாட் பார்த்ததும் இதே எண்ணிக்கையைத்தான். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ரத்தம் இரண்டு மாதத்தில் சரியானது. நரம்பு அவசரப்படவில்லை. ஒரு வருடத்தில் கணுக்கால் வரை உணர்வு திரும்பியது. இடது கால் சுண்டுவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, வாழ்நாள் முழுக்க. அடுத்தது வரும் வியாழக்கிழமை.