ரோபோ துணையுடன் நடந்த என் முதுகெலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சை

இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் முன்னோக்கி நழுவி நரம்புகளை நெருக்கியதால், சிறிது தூரம் நடந்தாலே இரு கால்களும் மரத்துப்போய், எங்காவது உட்கார்ந்தால்தான் வலி அடங்கும் என்ற நிலையில் இருந்தேன். மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எதுவும் பயன்தராத பிறகே எல்4-எல்5 எலும்புகளை இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்குச் சென்னையில் ஒப்புக்கொண்டேன். ரோபோ துணையுடன் சிறு துளைகள் வழியே செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ரோபோவே அறுவை செய்யும் என்று வீட்டில் அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தை மருத்துவரே பொறுமையாகத் தீர்த்தார். எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் திருகுகள் செல்ல வேண்டிய பாதை, முள்ளெலும்பின் பின்புறம் உள்ள ‘பெடிக்கிள்’ என்னும் குறுகிய எலும்புப் பாலம். அதை ஒட்டியே நரம்பு செல்கிறது. திறந்த அறுவையில் தசைகளை அகல விலக்குவதால் எலும்பின் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும். சிறு துளையில் அவை தெரியாததால் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் ரோபோ உதவுகிறது. முன்கூட்டியே எடுத்த சி.டி. ஸ்கேனில் எனக்கான நான்கு திருகுகளின் தடிமன், நீளம், கோணம் ஆகியவற்றை மருத்துவர் கணினியில் குறித்துக்கொண்டார். அறுவை அரங்கில் எடுக்கும் எக்ஸ்ரேயை அந்த ஸ்கேனோடு பொருத்திய பின், ரோபோவின் கை குறித்த கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்து நிற்கும். அதன் வழியே துளையிட்டுத் திருகைச் செலுத்துவது மருத்துவரின் கைதான். இத்தகைய கருவி புதிதும் அன்று: இஸ்ரேலின் மேசோர் நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்பைன்அசிஸ்ட்’ 2004ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியைப் பெற்றது.

எக்ஸ்ரேயை ஸ்கேனோடு பொருத்திய பிறகு உடல் சற்று அசைந்தாலும், எலும்பின் சரிவான பரப்பில் துளையிடும் முனை வழுக்கினாலும், திருகு தடம் மாறலாம். எனவே ரோபோவை நிறுத்த நேர்ந்தால் அது இல்லாமலே தொடர்ந்து முடிக்கும் பழக்கம் மருத்துவருக்கு உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார். இந்தச் சிகிச்சைக்குச் செல்லும் எவரும் இக்கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நரம்பின் நெருக்கத்தை நீக்குவது, இரு எலும்புகளுக்கும் இடையிலுள்ள வட்டை அகற்றி, அந்த இடத்தில் ‘கேஜ்’ என்னும் சிறு கூட்டையும் எலும்புத் துகளையும் வைப்பது ஆகிய முக்கியமான வேலைகள் அனைத்தும் அவருடைய கைத்திறனையே சார்ந்திருந்தன. எலும்பு உறுதியாகவும் சர்க்கரை கட்டுக்குள்ளும் இருந்தால்தான் இணைப்பு நன்கு வளரும் என்பதால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையும் பார்த்த பிறகே நாள் குறித்தார்கள்.

செலவைப் பொறுத்தவரை, ரோபோவுக்கான கட்டணம் தனியாக வந்தது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் வெளியிட்ட நெறிமுறை, ரோபோ அறுவைக்குக் காப்பீட்டை அடியோடு மறுக்கக் கூடாது என்றது. ஆனால் இவ்வளவு தொகைதான் தருவோம் என்று உள்வரம்பு வைக்க அது இடம் தந்தது. என் பாலிசியில் அந்த வரம்பு இருந்ததால், மீதியை நாங்களே கட்டினோம்.

மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி உருண்டு எழுவதைப் பழகுவதே முதல் வாரங்களில் கடினமாக இருந்தது. குனியவும், உடலை முறுக்கவும், பாரம் தூக்கவும் பல மாதங்கள் தடை. முதுகில் சிறு தழும்புகளும், ரோபோவை உடலோடு இணைக்க உலோக முள் பொருத்திய இடுப்பெலும்பின் மேல் இன்னொன்றும் உள்ளன. அண்மையில் எடுத்த ஸ்கேனில் கேஜைச் சுற்றி எலும்பு பிடித்திருப்பது தெரிந்ததால் முதுகுக்கு அணிந்திருந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். நடக்கும்போது வந்த கால்வலி இப்போது இல்லை. இடது கால் பெருவிரலின் மரமரப்பு மட்டும், நெடுநாள் நெருக்குண்டு கிடந்த நரம்பு என்பதால், இன்னும் மிச்சமிருக்கிறது.