மேகமலை வௌவாலும் நம் ஊர் வௌவாலும்

காரைக்குடிப் பக்கத்தில் கொய்யா மரம் நிற்கும் வீடுகளுக்கெல்லாம் இரவில் வந்து போகும் சின்னப் பழந்தின்னி வௌவாலை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. காலையில் முற்றத்தில் கிடக்கும் சக்கையைக் கூட்டித் தள்ளும்போது எழும் சலிப்போடு அதன் நினைவும் முடிந்துவிடுகிறது.

தேனிப் பக்கம் மேகமலையின் மழைக்காட்டில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் பிடித்த ஒரு வௌவாலும் இந்தச் சாதாரண வௌவாலாகவே கருதப்பட்டு, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அந்தப் பெயரோடு பல்லாண்டு கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை நுணுகிப் பார்த்து, வாலே இல்லாததையும், மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஓரிணை வெட்டுப்பற்களே இருப்பதையும் கண்டு, அது தனிப் பேரினம் என்று 1972இல் அறிவித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் ஊர் வௌவாலுக்குக் குட்டையாக ஒரு வால் உண்டு, வெட்டுப்பற்களும் தாடைக்கு இரண்டிணை உண்டு. காது விளிம்பில் வெளிறிய கோடும் தெரியும்.

மேகமலை வௌவாலுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. மற்றப் பழந்தின்னி வௌவால்களையோ அதே சட்டம் காகம், எலியோடு சேர்த்து, கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனென்றால் நம் வௌவாலும் எளிய உயிர் அன்று. நெட்டிலிங்க மரத்தின் இலைக்கொத்துக்குள்ளும் கொடிகளின் அடர்த்திக்குள்ளும் தண்டுகளையும் இலைகளையும் பொறுமையாகக் கடித்துக் கடித்து, கூடாரம் போன்ற ஒரு குடிலை ஆண் வௌவால் ஒற்றையாகவே அமைக்கிறது. பெண்கள் பிறகுதான் அங்கே வந்து குடியேறுகின்றன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஆய்வாளர்கள் இதை நேரில் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இலுப்பைப் பூவின் இனிப்பான இதழை நாடி வரும்போது அதன் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சேர்ப்பதும், பழத்தைக் கவ்விச் சென்று வேறொரு கிளையில் தொங்கித் தின்னும்போது விதையைத் தொலைவில் போடுவதும் இவ்வகை வௌவால்களே. விளக்கெரிக்க இலுப்பெண்ணெய் ஊற்றிய வீடுகள் இந்தக் கடனை மறக்கலாகாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கொய்யாவைக் காக்க மரத்தின்மேல் மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த வலையில் சிறகு சிக்கினால் வௌவால் விடியும்வரை துடித்தே சாகும், ஆகையால் பழுக்கத் தொடங்கும் காய்களுக்கு மட்டும் துணிப்பை கட்டிவிடுங்கள், உச்சிக் கிளைப் பழங்களை அவற்றுக்கு விட்டுவிடுங்கள்.